எடுத்து வைக்கிற எந்திரம்

பாட்டரித் தொழிற்சாலைகளில் பாகங்களை எடுத்து, நகர்த்தி, வைக்கிற தானியங்கி எந்திரங்கள். இதுதான் இன்று எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. ராஜபாளையத்து மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தே தலை நரைத்த ஆளிடம் போய்ப் பாட்டரியைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலேயே ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ரேடியோவைப் போட்டுக் கேள், பதில் அதில் வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு லித்தியம் செல்லுக்குள் என்ன இருக்கிறது? உங்கள் செல்போனை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள், பிரிக்க மட்டும் வேண்டாம். உள்ளே ஒரு செம்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு. இரண்டின் மேலும் கறுப்பாக ஒரு மருந்துப் பூச்சு. ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். தகடு என்கிறேனே, அந்தச் செம்பின் கனம் 6 முதல் 10 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். இந்த அடுக்குகளைப் பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஒரு டப்பாவுக்குள் இறக்கி, திரவம் ஊற்றி மூடினால் உருளை செல். சுருட்டாமல் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினால் தட்டை செல். பூச்சு எப்படிப் பூசுகிறார்கள், மருந்தில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பதெல்லாம் ரசாயனம் படித்தவர்கள் பேச வேண்டியது. காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து நம் பக்கத்துக்குக் கொண்டுவந்த நிலையம் அது. ரசாயனத்தை அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்தது எடுப்பதும் வைப்பதும்.

ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ நூற்பாலைகள் வந்தன. ரிங் பிரேம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீளமான எந்திரம், இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்பிண்டில்கள். ஒவ்வொரு ஸ்பிண்டிலிலும் ஒரு பாபின் சுற்றும், நூல் அதில் ஏறும். நிறைந்த பாபினை மில்லில் காப்ஸ் என்போம். நூல் நம்பரைப் பொறுத்து இரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் நிறைந்துவிடும். எந்திரத்தை நிறுத்தி, நிறைந்ததை உருவி, காலி பாபினைச் சொருகி, மறுபடி ஓட்ட வேண்டும். இதுதான் டாஃபிங்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கையால்தான் செய்தார்கள். வத்திராயிருப்பு, மம்சாபுரம், சேத்தூர் என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள். டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு கை காப்ஸை உருவும், அடுத்த கை காலி பாபினைச் சொருகும். கண் இரண்டையும் பார்க்காது. வீட்டு விஷயம், சினிமா, யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். பாபின் சரியாக உட்காரவில்லை என்றால் அது விரலுக்குத் தெரியும். நின்று திரும்பி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.

இந்த வேலையை எந்திரத்திடம் கொடுக்கப் போகிறோம் என்று முதன்முதலில் சொன்னபோது, எங்கள் பழைய மேஸ்திரி ஒருவர் கேட்டார்: "எடுத்துரும்யா, வைக்குமா?" நேயர்களே, என் தொழிலில் அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

அந்த எந்திரம், ஆட்டோ டாஃபர், எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. எந்திரத்தின் முழு நீளத்துக்கும் ஒரு பீம். அதில் ஸ்பிண்டிலுக்கு ஒன்றாகக் கிரிப்பர்கள். கிரிப்பர் என்றால் இரும்பு விரல் இல்லை. உள்ளே ஒரு ரப்பர் ஹோஸ், அவ்வளவுதான். காப்ஸ் நிறைந்ததும் ரிங் பிரேம் தானாக நிற்கும். நிற்பதற்கு முன்னால், நூலை ஸ்பிண்டிலின் அடியில் சில சுற்றுகள் சுற்றிவிடும். பீம் இறங்கி வந்து எல்லாக் காப்ஸின் தலையிலும் உட்காரும். காற்றைத் திறந்தால் ஹோஸ் உப்பிக் காப்ஸைக் கவ்விக்கொள்ளும். பீம் மேலே போகும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்ஸ் ஒரே மூச்சில் எழுந்து வருவதை நீங்கள் பார்க்க வேண்டும். பிறகு அவற்றைக் கீழே வரிசையாக இருக்கிற முளைகளில் இறக்கிவிட்டு, ஏற்கெனவே தயாராக நிற்கும் காலி பாபின்களைக் கவ்வி எடுத்து, ஸ்பிண்டிலில் சொருகி, காற்றை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அடியில் சுற்றின நூல் எதற்கு என்று கேட்டால், எந்திரம் மறுபடி ஓடும்போது புது பாபினில் நூல் பிடிக்க அதுதான் முனை. அது அறுந்திருந்தால் அந்த ஸ்பிண்டிலுக்கு ஆள் போய்த்தான் பிணைக்க வேண்டும்.

ஒரு சமயம் எங்கள் எந்திரம் ஒன்றில், ஒரே பகுதியில் மட்டும் ஒவ்வொரு டாஃபிங்கிலும் நாலைந்து காப்ஸ் விழுந்துகொண்டிருந்தது. பீம் மட்டம் பார்த்தோம், சரியாக இருந்தது. காற்றழுத்தம் மீட்டரில் சரி. பாபினையே மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒரு ஃபிட்டர், சின்னப் பையன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து எந்திரங்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பீமில் காதை வைத்தான். "அண்ணாச்சி, இங்க மூச்சு விடுது" என்றான். சோப்புத் தண்ணீர் தடவினோம், குமிழி வந்தது. ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. கவ்வுகிற நேரத்தில் சரியாகக் கவ்வும். தூக்கிக்கொண்டு போகிற அந்தச் சில நொடியில் காற்று இறங்கி, பிடி தளர்ந்து போகும். மீட்டர் காட்டியது குழாயின் தலைமாட்டு அழுத்தத்தை. விழுந்தது கால்மாட்டில்.

சரி, இதைக் கொண்டுபோய்ப் பாட்டரி ஆலையில் வையுங்கள். மேஸ்திரி கேட்ட அதே கேள்வி அங்கேயும் நிற்கிறது.

தட்டை செல் செய்யும் இடத்தில், மருந்து பூசி வெட்டிய தகடுகள், அதாவது மின்முனைத் தாள்கள், ஒரு கட்டாக வந்து நிற்கும். வெற்றிடக் கிண்ணம் மேலிருந்து இறங்கி ஒரு தாளை உறிஞ்சி எடுக்கும். கேமரா அதன் மூலைகளைப் பார்க்கும். கோணலாக இருந்தால் எந்திரக் கை கொஞ்சம் திரும்பிச் சரிசெய்துகொண்டு அடுக்கின் மேல் வைக்கும். செம்புப் பக்கத்துத் தாள், அலுமினியப் பக்கத்துத் தாளைவிடச் சுற்றிலும் துளி பெரிதாக இருக்க வேண்டும். வைக்கும்போது நகர்ந்து, அலுமினியத்தின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டால், நாளடைவில் அந்த ஓரத்தில் லித்தியம் உலோகமாகப் படியும். அது ஊசி மாதிரி வளர்ந்து நடுத்தாளைக் குத்தினால் செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். காப்ஸ் விழுந்தால் சத்தம் கேட்கும், பொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம். இங்கே தப்பாக வைத்தது சத்தமே போடாது, உங்கள் வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் இப்போது வடக்கே ஒரு பாட்டரி ஆலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவன் சொன்ன குறை இது: கிண்ணம் ஒரு தாளை எடுக்கப் போய் இரண்டாக எடுத்துவிடுகிறது. வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். மின்னேற்றம் இருந்தாலும் ஒட்டும். அதற்காகத் தூக்கும்போது ஒரு உதறு உதறுவார்களாம், ஓரத்தில் காற்றை ஊதுவார்களாம், அப்படியும் வந்துவிட்டதா என்று கனத்தை அளந்து பார்ப்பார்களாம். வேகத்தைக் கூட்டு என்று மேலிடம் சொல்லும்போதெல்லாம் முதலில் குறைக்கிறது இந்த உதறலைத்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மில்லிலும் வேகம் கூட்டும்போது முதல் வெட்டு இந்த மாதிரி இடத்தில்தான் விழும்.

மின்னேற்றம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. நூற்பாலையில் காற்று வறண்டால் ஆபத்து. பஞ்சு மின்னேறி உருளையில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைத் தெளித்துக் காற்றில் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் நிறுத்துவோம். ஆடி மாதம் மேற்கே மலையிலிருந்து சாரல் அடித்தால் ஸ்பின்னிங் மாஸ்டர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். லித்தியம் செல் ஆலையில் எல்லாமே தலைகீழ். அங்கே தண்ணீர்தான் விஷம். திரவம் ஊற்றுகிற அறையில் ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். ஈரத்தை எடுத்துவிட்டால் மின்னேற்றம் துள்ளிக் குதிக்கும், தாள் ஒட்டும். எங்களுக்குக் கிடைத்த மருந்து அவர்களுக்கு ஆகாது. அயனிகளை வீசுகிற கம்பிகளை வழி நெடுக மாட்டி அதை அடக்கப் பார்க்கிறார்கள்.

அந்த அறைக்குள் ஈரம் கொண்டுவருவது யார் தெரியுமா? மனிதன்தான். மூச்சில் ஈரம், வியர்வையில் ஈரம். பத்து ஆள் கூடுதலாக நின்றால், அந்த ஈரத்தை வெளியேற்ற அவ்வளவு மின்சாரம் கூடுதல். அங்கே எந்திரக் கை வந்ததற்குச் சம்பளக் கணக்கு மட்டும் காரணமில்லை. நம் மூச்சும் ஒரு காரணம்.

இன்வெர்ட்டரில், லாரியில் இருக்கிற ஈய பாட்டரியில் கதை வேறு. அங்கே ஈயத் தூசி ஆளின் உடம்புக்குள் போய் ரத்தத்தில் சேரும். பசை பூசிய ஈயத் தகட்டைக் கையால் எடுத்து அடுக்குகிற ஒவ்வொரு தடவையும் துகள் உதிரும். தகட்டைத் தூக்கி, உறைக்குள் செருகி, அடுக்குகிற எந்திரம் அங்கே காப்பாற்றுவது தொழிலாளியை. லித்தியத்தில் அது காப்பாற்றுவது செல்லை. நம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரர்களுக்கு ஒரு செய்தி: டியூபுலர் பாட்டரியில் ஈய மருந்தைப் பிடித்துவைத்திருப்பது நெய்த பாலியஸ்டர் குழாய். பாட்டரிக்குள்ளும் தறி வேலை இருக்கிறது.

உருளை செல்லுக்கு வருகிறேன். இதைக் கேட்டபோது எனக்கு நம் மில் ஞாபகம் அப்படியே வந்தது. காப்ஸ், நூலைக் கோனில் சுற்றுகிற ஆட்டோகோனர் எந்திரத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றும் ஒரு பெக் டிரேயில், தனித்தனி முளையில் நின்றுகொண்டு பெல்ட்டில் போகும். ஒன்றோடொன்று உரசாது, சாயாது. செல் ஆலையிலும் ஒவ்வொரு செல்லும் தனித்தனிப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் நின்றுகொண்டு இதே மாதிரி பெல்ட்டில் போகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா நிறுவனம் 4680 என்கிற செல் செய்கிறதே, அதன் பெயரிலேயே அளவு இருக்கிறது: 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம். நம் காப்ஸைவிடக் குட்டை, ஆனால் கனம்.

சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம் அயான் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மெல்லிய தாளில் சீராகப் பூசுவது, இழுவை தவறாமல் சுற்றுவது என்று அவர்களுக்குக் கைகொடுத்தது காந்த நாடாத் தொழில். அதுதான் நம் டேப் ரெக்கார்டர் கேசட். பென்சிலைச் சொருகி நாடாவைச் சுற்றினவர்கள் நிறையப் பேர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேசட் செய்தவன் பாட்டரி செய்யலாம் என்றால், நூல் சுற்றினவனுக்கு என்ன குறைச்சல் என்பதுதான் என் கட்சி.

டாஃபிங் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்பீர்கள். சிலர் ஆட்டோகோனருக்குப் போனார்கள். கல்யாணமாகிப் போனவர்கள் உண்டு, நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் விரலில் இருந்த வித்தையைக் குறித்துவைக்க எந்த மில்லும் ஒரு நோட்டுப் போடவில்லை. எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க அதுதானே பாடம்? இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

அறைக்கு வெளியே வானொலி நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். செல்களை முதல் சார்ஜ் ஏற்றி, நாள் கணக்கில் ஊறவைத்து, எந்திரக் கை கொண்டு அடுக்கிலிருந்து எடுப்பது பற்றிச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. உறிஞ்சி எடுப்பது, உதறுவது, மட்டம் பார்த்து வைப்பது, மூன்றையும் சொல்லிவிட்டேன், போதும். ராஜபாளையம் பாலிடெக்னிக்கிலும் கிருஷ்ணன்கோவில் பக்கமும் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு ஆசை சொல்கிறேன். ஏதாவது ஒரு மில்லில் கழித்துப்போட்ட டாஃபர் பீம் கிடக்கும். எடைக்குப் போவதற்கு முன்னால் கேட்டு வாங்கி ஒர்க்‌ஷாப்பில் மாட்டுங்கள். ஒரு மீட்டர் நீளம் போதும். ஒரு கம்ப்ரசர், கொஞ்சம் காலி பாபின், பிறகு மெல்லிய தாள் என்று பழகிக்கொண்டே போகலாம். ஹோஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய ஹோஸ் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.