நெடுவில் வாங்கும் வாலிபருக்கு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"வில்" என்று மட்டும் தலைப்பெழுதிக் காரியதரிசியிடம் கொடுத்தேன். அவர், கோதண்டத்தைப் பற்றியோ காண்டீபத்தைப் பற்றியோ நான் பேசப்போகிறேன் என்று எண்ணி, அறிவித்தலிலும் அவ்வாறே போட்டுவிட்டார். அவற்றைப் பற்றிப் பேசத் தகுந்த பண்டிதர்கள் இச்சபையிலே பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கடையிலே விலைகொடுத்து வாங்கும் வில்லைப் பற்றி. அதிலும், பையில் அதிக காசில்லாத ஒருவன் தன் முதல் வில்லை வாங்கும் விதத்தைப் பற்றி. படிப்புக்காக இங்கிலாந்து சென்ற நம் வாலிபர் சிலர், அங்குள்ள விற்பயிற்சிக் கழகங்களைக் கண்டு ஆசைகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே எழுதிய மறுமொழிகளையே இன்று ஒன்றுசேர்த்துச் சொல்லுகிறேன்.

ஆங்கிலேயரின் நெடுவில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரமுடையது. 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோட்டிலும் பிரெஞ்சுப் படையைத் தடுத்து நிறுத்தியது இதுவே. எட்டாம் ஹென்றியின் 'மேரி றோஸ்' என்ற போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது. அதன் எச்சம் 1982இலே கடலிலிருந்து தூக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து முழு விற்கள் மாத்திரம் 137 கிடைத்தன. அவற்றை இழுக்க 100 றாத்தல் முதல் 180 றாத்தல் வரை பலம் வேண்டியிருந்திருக்கும் என்று அறிஞர் கணித்துள்ளனர். அக்கப்பலில் இறந்தவர் பலரது தோளெலும்பு முழுமையாகப் பொருந்தி வளராதிருந்ததற்கு இளமை முதலே வல்வில் இழுத்ததே காரணமாகலாம் என்றும் ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தோளெலும்புச் செய்தியைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

ஏனெனில், நான் செய்த பிழை அங்கேதான் தொடங்கியது. இங்கிலாந்தில் மாணவனாயிருந்த காலத்தில், ஒரு கடையிலே பழைய வில்லொன்று மிக மலிவாகக் கிடைத்தது. அதன் இழுவைப் பலம் 60 றாத்தல். மலிவுக்குக் காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை; கடைக்காரரும் சொல்லவில்லை. வாங்க வந்தவர் எவராலும் அதை ஒழுங்காக இழுக்க முடியவில்லை என்பதே காரணம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். மூன்றாவது வாரத்திலே வலது தோளில் ஏதோ 'சுருக்'கென்றது. அதன்பின் ஆறு வாரம் சட்டை போடுவதற்கும் அறைத்தோழன் கை கொடுக்கவேண்டியிருந்தது. வில்லைப் பாதி விலைக்கு விற்றேன். உணவிலே மிச்சம் பிடித்த காசு அது. வித்தையையே வெறுத்துவிட இருந்த என்னைக் கழகத்து முதியவர் ஒருவர் அழைத்து, 30 றாத்தல் வில்லொன்றைக் கையிலே தந்தார். என் அம்பு முதன்முதல் இலக்கின் நடுவே தைத்தது அந்த "குழந்தை வில்"லினாலேதான்.

ஆகவே, முதலிலே கேட்கவேண்டியது விலையன்று, பலம். வில்லின் வயிற்றுப் புறத்திலே, பிடிக்கு அண்மையில், "28 அங்குலத்தில் 40" என்பது போல எழுதியிருப்பார்கள். நாணை 28 அங்குலம் இழுத்த நிலையிலே கையில் தாங்கும் பாரம் 40 றாத்தல் என்பது அதன் பொருள். ஆனால் எல்லோரும் 28 அங்குலம் இழுப்பதில்லை. இரு கைகளையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். 65 அங்குலம் உள்ளவனுக்கு 26 அங்குலம் வரும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று றாத்தல் குறையும். எனவே அந்த 40 றாத்தல் வில் அவன் கையில் 35 றாத்தல் அளவிலேதான் நிற்கும். தொடங்குவோர்க்கு, தம் இழுப்பளவிலே, 25 முதல் 35 றாத்தல் வரை போதும் என்பது என் கருத்து. மூன்று டசின் அம்பு எய்த பின்பும் கை நடுங்காமல் ஒரு கணம் நிறுத்திக் குறிபார்க்க முடிகிறதா? அதுவே உங்கள் வில். மீசை முறுக்கி இழுத்துக் காட்டுவதற்கு வேறு விளையாட்டுக்கள் உண்டு.

அடுத்தது மரம். பெயர்பெற்றது யூ மரம். நமது தச்சர் வெளிறை வெட்டியெறிந்து வைரத்தை மாத்திரம் கொள்வர். யூ வில்லிலோ இரண்டும் வேண்டும். இழுபடும் முதுகுப் புறத்துக்கு வெளிறும், அமுக்கப்படும் வயிற்றுப் புறத்துக்கு வைரமும் ஒரே துண்டிலே இயற்கையாக அமைந்திருப்பதே அம்மரத்தின் பெருமை. அது மெதுவாக வளர்வது. கணுவில்லாத நீண்ட துண்டு கிடைப்பது அரிது. ஆதலால் விலை அதிகம். முதல் வில்லுக்கு அது வேண்டாம். முதல் வில் பிழைகளைத் தாங்கப் பிறந்தது. முதுகிலே ஹிக்கரி மரத்தையோ மூங்கிலையோ ஒட்டி, வயிற்றுக்கு வேறு வன்மரம் வைத்துச் செய்த விற்கள் இளக்காரமானவையல்ல. நன்றாகச் செய்ததாயின் பல ஆண்டு உழைக்கும். ஹிக்கரி ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஆகலின் மெழுகோ வாணிஷோ பழுதின்றி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இன்னொன்று. அமெரிக்கர் கண்ணாடி நாரை மரத்தோடு ஒட்டித் தட்டையாகச் செய்யும் வில்லையும் நெடுவில் என்றே விற்கிறார்கள். அது நல்ல கருவிதான். அம்பு தங்குவதற்குப் பிடியருகே சிறு தட்டும் உண்டு. ஆனால் ஆங்கில முறை நெடுவில்லுக்கான போட்டிகளிலே அதனை ஏற்கமாட்டார்கள். எதை விரும்புகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொண்டே கடைப்படி ஏறுங்கள்.

பழைய வில்லை வாங்குவது பாவமன்று. கண்ணை மாத்திரம் வீட்டில் விட்டுச் செல்லக்கூடாது. வயிற்றுப் புறத்தில் குறுக்காக மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால், அங்கே மரம் நொறுங்கத் தொடங்கிவிட்டது. சும்மா தந்தாலும் வேண்டாம். முதுகிலே சிம்பு கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டு இளகியிருக்கிறதா என்று வெளிச்சத்திலே பிடித்துப் பாருங்கள். நாண் பூட்டியபின் ஒரு முனையிலிருந்து நோக்கினால், நாண் பிடியின் நடுவாகவே செல்லவேண்டும். உரியவரைக் கொண்டு இழுப்பித்து, இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா, ஓரிடத்திலே மாத்திரம் முழங்கால்போல மடிகிறதா என்று தள்ளிநின்று கவனியுங்கள். நாண் கழற்றிய பின்னும் வில் சிறிது வளைந்து நிற்பது பழைய மரத்துக்கு இயல்பே. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் பொறுத்துக்கொள்ளலாம்.

கையிலுள்ள காசை மூன்று பங்காக்கினால், இரண்டு பங்குக்கு மேல் வில்லிலே போடாதீர்கள். மற்றப் பங்கு அம்புக்கும், விரல் காக்கும் தோலுக்கும், முன்கைக் காப்புக்கும், இடக்கைக் கையுறைக்கும் வேண்டும். ஆங்கில நெடுவில்லிலே அம்பு கைமுட்டியின் மேலேதான் உராய்ந்து செல்லும். கையுறையை வீண்செலவென்று எண்ணியவர்களை நான் இரத்தத்தோடு கண்டிருக்கிறேன். அம்போ, வில்லின் பக்கமாக வைக்கப்பட்டு, விடும்போது சற்று வளைந்து வில்லைச் சுற்றியே வெளியேறும். அந்த வளைவு வில்லின் பலத்துக்கு ஒத்திருக்கவேண்டும். விறைப்பான அம்பு ஒருபுறமும் துவளும் அம்பு மறுபுறமும் ஓடும். எய்பவன் தன் கையையே நொந்துகொள்வான். ஆதலால் பலவகையான பன்னிரண்டு அம்பிலும், ஒரே விறைப்பும் ஒரே நிறையுமுள்ள ஆறு மர அம்புகள் மேல். இறகு, உண்மையான பறவை இறகாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் இறகு கையிலே தட்டித் திசைமாறும்.

இவ்வளவுக்கும் முன்னே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பெரும்பாலான கழகங்களிலே, புதிதாக வருவோருக்குச் சில வாரப் பயிற்சியைக் கழகத்து விற்களைக் கொண்டே நடத்துவார்கள். அது முடியும்வரை ஒரு சதமும் செலவழிக்கவேண்டாம். உங்கள் இழுப்பளவும் பலமும் அங்கே தாமாகவே தெரிந்துவிடும்.

வாங்கிய வில்லை எய்து முடித்ததும் நாண் கழற்றி வையுங்கள். மூலையிலே குத்தென நிறுத்தாமல், சுவரிலே படுக்கையாக இரு ஆணியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள்ளே விட்டுச் செல்லாதீர்கள். ஒட்டு இளகும், மரம் உலரும்.

நான் கொண்டுவந்த வில் அந்த மேசைமேல் இருக்கிறது. கூட்டம் கலைந்தபின் யாவரும் வந்து தூக்கிப் பார்க்கலாம். நாண் பூட்டும் விதத்தையும் காட்டித் தருவேன். ஒரே ஒரு வேண்டுகோள்: அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்போடு வெளியே போகவேண்டிய வேகம் முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பிப் பாயும். சென்ற ஆண்டு வேறொரு கூட்டத்திலே அப்படித்தான் ஒரு வில் இரண்டாகியது. இது அதற்குப் பின் வாங்கியது. இன்னும் கடன் முழுவதும் தீரவில்லை.