பீர்க்கங்காயும் பிருகு முனிவரும்



பெரிய விஷயங்களைப் பேசுவதற்குப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் இன்று ஓர் ஏரியின் பேரைப் பற்றி மாத்திரம் பேசப் போகிறோம். வெகுதூரத்து ஏரியுமல்ல. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடில் தெற்கே வந்தால் இரும்புலியூரை அடுத்துக் கண்ணில் படுகிற பீர்க்கன்கரணை ஏரிதான்.

இந்தப் பேரைக் கேட்டவுடன் வெளியூரார் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. முன்பாதியில் பீர்க்கு இருக்கிறது. பின்பாதியில் கரணை இருக்கிறது. கரணை என்றால் நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு. கருணைக் கிழங்குக்கும் அப்படி ஒரு பேருண்டு. கொத்தன் கையிலிருக்கும் கருவிக்கும் அதே பேர். ஆகவே ஒரு காய், ஒரு கிழங்கு, ஒரு கரும்பு, வீடு கட்ட ஒரு கருவி, இத்தனையும் ஒரே பேரில் அடங்கிய ஊர் வேறெங்கே இருக்கிறது? பக்கத்திலேயே பள்ளிக்கரணையும் இருப்பதால், கரணை என்பது ஊர்ப்பேரின் கடைசியில் வரும் ஒரு பழைய நிலச்சொல் என்று கொள்ளுவதே புத்திக்குப் பொருத்தம். வேலியில் பீர்க்கு படர்ந்த நிலம், அதையொட்டி ஏரி. காயைக் கறி செய்தார்கள், தோலைத் துவையல் அரைத்தார்கள், முற்றிக் காய்ந்ததன் நாரால் முதுகு தேய்த்து அதே ஏரியில் குளித்தார்கள். பேரும் கொடுத்து நாரும் கொடுத்த காய்க்கு நன்றி காட்டினதில் தப்பென்ன?

ஆனால் நம் ஜனங்களில் படித்தவர்களுக்கு இப்படிச் சாதாரணமான பேர் இருப்பது வெட்கமாயிருக்கிறது. ஒரு நண்பர் நம்மிடம், “அது பீர்க்கு அல்ல ஐயா, பீர்கான் என்ற பக்கிரியின் பேர்” என்றார். இன்னொருவர், அவர் எந்தக் கடையிலிருந்து வந்தாரோ, முதல் இரண்டெழுத்தோடு நின்றுகொண்டு, இது நல்ல ஊராயிருக்க வேண்டும் என்றார். அவரவர் மனத்தில் இருக்கும் சரக்கு அவரவர் வாயில் வருகிறது.

இவர்களாலெல்லாம் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஸ்தலபுராணக்காரர் கண்ணில் இப்பேர் பட்டிருந்தால்தான் ஆபத்து. அவருக்கு எத்தனை நாழிகை வேண்டும்? பீர்க்கு என்பது பிருகு. கரணை என்பது காருண்யம். பிருகு முனிவர் இவ்வேரிக்கரையில் ஒற்றைக்காலில் நின்றார். பகவான் காருண்யங்கொண்டு காட்சி கொடுத்தார். ஆகவே இது பிருகுகாருண்யபுரம். இதில் ஒரு முழுக்குப் போட்டால் ஏழு ஜன்மத்துப் பாவம் போகும். தக்ஷிணை ஐந்து ரூபாய். இவ்வளவும் நாம் இங்கே நின்றபடியே கட்டிய கதை. தயவுசெய்து யாரும் நம்பிவிடாதீர்கள். பத்து வருஷங் கழித்து நம் பேரைச் சொல்லியே உண்டியல் வைத்துவிடப் போகிறார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லுகிறோம் என்று எண்ண வேண்டாம். குன்று பழையதாயிருந்ததால் முதுகுன்றம் என்றார்கள். அதை விருத்தாசலம் ஆக்கினார்கள். மறைக்காடு வேதாரண்யமாயிற்று. மயிலாடுதுறை மாயூரமாகி, பின்பு மாயவரமுமாகி, 1982-ல்தான் தன் பேரைத் திரும்பப் பெற்றது. உழுகிறவன் வைத்த பேர் அவனுக்கே புரியக்கூடாது, அதற்கு அர்த்தம் சொல்ல ஒருவர் வர வேண்டும், வந்தவருக்குத் தக்ஷிணை தர வேண்டும் என்பதைத் தவிர இந்த மாற்றங்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தப் பக்கத்திலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனி என்கிற தோல் பதனிடும் ஆலையினால். அதாவது ஊர்ப்பேரே தோல். அதையடுத்து அஸ்தினாபுரம், கௌரவர் தலைநகரின் பேர்! தோல் வேலை செய்கிறவன் தொட்டால் தீட்டென்று சொல்லிவந்த வைதிகர், தம் வீட்டு விலாசத்தில் தோலின் பேரைத் தினந்தோறும் எழுதி, கலியாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவி அச்சடித்து வந்திருக்கிறார். ஒரு நாளாவது கை கூசினதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நிற்க. சிரிக்க வேண்டிய பேர்கள் இவை. சிரிக்க முடியாத பேர்கள் வேறு இருக்கின்றன. நம் நாட்டில் எத்தனையோ ஊர்களில் வண்ணான்குளம் என்று ஒரு குளம் உண்டு. அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுத்த இடத்துக்கு ஊரார் கொடுத்த வெகுமதி, அந்த ஜாதியின் பேரைத் தண்ணீரின் மேல் எழுதிவைத்ததுதான். பீர்க்கங்காய்ப் பேர், அங்கே என்ன விளைந்தது என்று சொல்லுகிறது. ஜாதிப்பேர், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லுகிறது.

பேர் அழகாயிருந்தால் போதும் என்பாருக்கு ஒரு சங்கதி. அன்றைய பம்பாய் மாகாணத்தில் மகாத் என்ற ஊரில் சவுதார் குளம் என்று ஒன்று. சவுதார் என்றால் ருசியுள்ளது என்று பொருள். எவ்வளவு இனிய பேர்! அந்நாளில் அதில் ஆடுமாடு குடிக்கலாம். அந்நிய மதத்தார் குடிக்கலாம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர் மாத்திரம் குடிக்கக்கூடாது. 1924-ல் நகரசபை எல்லோருக்கும் பாத்தியம் என்று தீர்மானம் போட்டும் ஒருவரும் கிட்டப் போகவிடவில்லை. 1927 மார்ச்சு 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உடனே ஊரார் 108 குடங்களில் சாணி, கோமூத்திரம், பால், தயிர் கலந்து குளத்தில் கொட்டிச் சுத்தி செய்தார்கள்! மனிதன் கை பட்ட தண்ணீர் அசுத்தம். சாணி கலந்த தண்ணீர் சுத்தம். அதற்குப் பிறகும் அந்தக் குளத்துக்கு ருசியுள்ளது என்றே பேர். அது தங்கள் சொந்தக் குளம் என்று அவர்கள் போட்ட வழக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் ஹைக்கோர்ட்டில்தான் முடிவாகத் தோற்றது.

நம் மாகாணத்திலும் 1924 ஆகஸ்டில், பொதுவழி, பொதுக்கிணறு, குளம் முதலியவை எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அவர் பிறந்தது இதே செங்கற்பட்டுச் சீமையில், கோழியாளம் என்ற ஊரில். கோழியின் பேரிலுள்ள ஊரிலிருந்து ஒரு மனிதர் வந்து, மனிதர்களுக்குத் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து எடுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் சொன்னார். அதே வருஷம் அக்டோபரில், ஜாதிப்பேர் தாங்கிய குடியிருப்பு, தெரு, நீர்நிலை முதலியவற்றின் பேர்களை நீக்குவதற்கு அரசாணை பிறந்தது. உடனே சிலருக்குச் சரித்திரத்தின்மேல் அபாரமான காதல் வந்துவிட்டது. “பழைய பேரை அழிக்கலாமா, சரித்திரம் போய்விடுமே” என்கிறார்கள். முதுகுன்றம் போனபோது எங்கே போயிருந்தது இந்தக் காதல் என்று கேட்கிறோம். சரித்திரம் வேண்டுமானால் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு குழந்தை தன் விலாசத்தைச் சொல்லும்போதே தன் ஜாதியையும் சொல்லித் தீரவேண்டும் என்பதற்கு அது நியாயமாகுமா?

பேரை எடுத்துவிட்டால் ஜாதி போய்விடுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். போகாது என்பதே நம் அபிப்பிராயம். பேர்ப்பலகையை மாற்றிவிட்டுப் படித்துறையில் பழைய வழக்கத்தையே வைத்திருக்க நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பலகையையே எடுக்க மனமில்லாதவன் வழக்கத்தையா எடுக்கப் போகிறான்?

பீர்க்கன்கரணைத் தோழர்களுக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. பேரூராட்சியாயிருந்த உங்களூர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இனி நாகரிகமாக ஒரு பேர் வைக்கலாமென்று யாராவது யோசனை சொல்லக்கூடும். பிருகுகாருண்யபுரம் என்று எழுதிய பலகையோடு வந்தாலும் வரலாம். வந்தால் சண்டை பிடிக்காதீர்கள். பலகையை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் இரண்டு பீர்க்கங்காயைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கொடிப்பந்தலுக்கு முட்டுக் கொடுக்கப் பலகை உதவும்.