கையெழுத்துக்கு முன்னால்



ஆரணியில் நெசவாளர் புடவையைக் கொண்டுவந்து வைத்ததும் முதலாளி என்ன செய்வார்? மடிப்பைப் பிரிப்பார். வெளிச்சத்தில் பிடித்து, இழை அறுந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்ப்பார். கூலி பிறகுதான்.

சர்வீசுக்கு விட்ட காரையும் அப்படித்தான் வாங்க வேண்டும். பம்பரில் கீறல், உடைந்த கிளிப், கண்ணாடியில் விரிசல். வீட்டுக்கு வந்து பார்த்துச் சொன்னால், "முன்னாடியே இருந்தது சார்" என்பார்கள். அதனால் வண்டியை விடும்போதே நாலு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். எடுக்கப் போகும்போது சுற்றிப் பாருங்கள். பார்த்த பிறகு கையெழுத்து. சேதம் இருந்தால் அதைக் கையெழுத்துப் போடும் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்து.

ஒப்படைத்த பொருளை, பெற்றுக்கொண்டவர் தன் பொருள்போலக் கவனிக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. இலவசமாக எதையும் கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறோம். சேதத்தைச் சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதிலும் தீரவில்லையா? சர்வீஸ் விட்டது வேலூரானாலும் சென்னையானாலும், ஆரணிக்காரர் நம் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.