பின்பனிக் காலத்தில் ஒரு வண்டி வீடு



உயர்தர வகுப்பில் ஐந்திணை படிப்பிக்கத் தொடங்கினால், ஏறக்குறைய ஒவ்வோராண்டும் யாராவது ஒரு மாணவன் எழுந்து ஒரு கேள்வி கேட்பான். "சேர், பாலை எண்டால் வெயில் எரிக்கிற நிலம். வேனில் சரி. பின்பனியையும் ஏன் தொல்காப்பியர் அதுக்குள்ள சேர்த்தவர்?" பாலையின் உரிப்பொருள் பிரிவு, பனிக்கால இரவின் நீளம் பிரிந்தோர் துயரைப் பெருக்கும் என்று நானும் ஒரு மறுமொழி சொல்வேன். பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. அந்தப் போதாமையைச் சற்றுக் குறைத்தது, எங்கள் நிலத்துக்கும் திணைக்கும் சம்பந்தமில்லாத ஓர் அமெரிக்கத் திரைப்படம்.

'நோமாட்லாண்ட்' என்ற அந்தப் படம் 2020இல் வெளிவந்தது. இயக்கியவர் குளோயி சாவோ. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருது 2021இல் அதற்குக் கிடைத்தது. ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் எழுதிய நூலே அதற்கு மூலம். படம் மாரிகாலப் பனியில் தொடங்குகிறது. நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றோர் ஊர். ஜிப்சம் தொழிற்சாலை ஒன்றுக்காகவே இருந்த ஊர், வீடுகளும் கம்பெனியுடையவை. 2011இல் தொழிற்சாலை மூடப்பட்டதும் ஊரும் மூடப்பட்டது. அந்த ஊரின் தபாற் குறியீட்டு இலக்கத்தைக்கூட அரசு நீக்கிவிட்டது. கணவனையும் பறிகொடுத்த ஃபேர்ன் என்ற பெண் தன் தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு வாடகைக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு பழைய வானில் புறப்படுகிறாள். அதுதான் இனி அவளுக்கு வீடு. சுற்றிலும் வெண்பனி மூடிய வெளி. 

சில்லுப் பூட்டிய வீட்டை அமெரிக்கர் ஆர்.வி. என்று இரண்டெழுத்தில் அழைப்பார்கள். பஸ் அளவான மாளிகைகளும் உண்டு, ஃபேர்னுடையதைப் போன்ற வான்களும் உண்டு. கோடையில் அதிற் போவது உல்லாசம். மாரியிற் புறப்படுவது வேறு கதை. தண்ணீர் உறைந்தால் பருக்கும், குழாய் வெடிக்கும். ஆகவே தாங்கியையும் குழாயையும் வெறுமையாக்கி, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றை உள்ளே ஓடவிட வேண்டும். எரிவாயுவிலும் வேற்றுமை உண்டு. பியூட்டேன் பூச்சியப் பாகைக்கு அண்மையிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேன் மறை 42 பாகை வரை தாக்குப்பிடிக்கும். குளிரில் பற்றறி சோர்ந்துபோகும். இதையெல்லாம்விட எனக்கு வியப்பாயிருந்தது மூச்சு. உள்ளே உறங்குபவரின் மூச்சுக் காற்றே கண்ணாடியில் நீராகிப் பின் பனிக்கட்டியாகிவிடும். அதற்காகவும் அடுப்பின் நச்சுவாயுவுக்காகவும் அந்தக் குளிரிலும் யன்னலைச் சிறிது திறந்தே வைக்க வேண்டும்.

வண்டி வீட்டில் புறப்பட்ட எழுத்தாளன் என்றால் இலக்கிய நேயர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜோன் ஸ்ரைன்பெக். 1960 செப்ரெம்பரில், தமது 58ஆவது வயதில், ஒரு ட்ரக் வண்டியின் முதுகில் சிற்றறை ஒன்றைப் பூட்டி, டொன் கிஹோத்தேயின் குதிரையின் பெயரான ரொசினாந்தே என்பதை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் நியூயோர்க் மாநிலத்தின் சாக் ஹாபரிலிருந்து புறப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் அவருக்கு உடல்நலம் கெட்டிருந்தது. நோயாளியாகக் கதிரையில் இருத்தி வைக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. வேண்டியதற்குமேற் சாமான் ஏற்றினாராம். வாசிக்கக் காலம் வாய்க்காத புத்தகங்கள் மட்டும் 150 இறாத்தல்! இந்த இடத்தை வாசித்தபோது என் அலுமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பார்க்க வந்த அயலவரின் கண்களில் தாமும் புறப்பட்டுவிட வேண்டுமென்ற ஏக்கம் தெரிந்ததாக அவர் எழுதுகிறார்.

அந்தப் பயண நூல் 1962இல் வெளிவந்தது. நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். அதிலுள்ள பல உரையாடல்கள் கற்பனை, வண்டியில் தூங்கிய இரவுகளிலும் விடுதிகளில் தூங்கியவை மிகுதி என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. என் மனம் நின்றது வேறோரிடத்தில். மாரி முற்றுமுன் அவர் திரும்பிவிடுகிறார். நூலின் கடைசியில் சொந்த நகரமான நியூயோர்க்கிலேயே வழிதவறி, ஒரு பொலிஸ்காரருக்குத் தம் நிலையைச் சொல்லித் தம்மைத் தாமே நகைத்துக்கொள்கிறார். வீட்டுக்குப் போகும் வழி தவறுவதற்கும் ஒரு வீடு வேண்டும்.

ஃபேர்னுக்கு அது இல்லை. அவள் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளைச் சுற்றி வருபவர்களிற் பெரும்பாலோர் நடிகர்களல்லர், உண்மையில் வண்டிகளில் வாழ்ந்தவர்கள். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்களைப் பற்றியதே புரூடரின் நூல். ஐப்பசியில் சீனிக்கிழங்கு அறுவடை, நத்தார் நெருங்கினால் அமெசோன் நிறுவனத்தின் பண்டகசாலையில் இரவுவேலை. இப்படி வண்டியோடு வருபவர்களைச் சேர்ப்பதற்கென்றே அந்த நிறுவனம் 2008 முதல் பல ஆண்டுகள் ஒரு திட்டம் நடத்தியது. அறுபதைத் தாண்டியவர்கள் கொங்கிறீற் நிலத்தில் நாள்முழுதும் மைற்கணக்கில் நடந்தார்கள்.

வேலை முடிந்ததும் அவர்கள் போகும் இடந்தான் என் மாணவனின் கேள்விக்கு என்னைத் திருப்பியது. அரிசோனாப் பாலைவனத்தில் குவாட்ஸ்சைற் என்றோர் ஊர். கோடையில் 40 பாகைக்கு மேலே கொதிக்கும், சில ஆயிரம் பேரே இருப்பார்கள். மார்கழி, தை வந்தால் இலட்சக்கணக்கானோர் வண்டிகளோடு வந்து இறங்குவார்கள். அதன் அயலிலுள்ள அரச நிலத்தில், புரட்டாதி தொடங்கிச் சித்திரை வரை ஏழு மாதம் வண்டியை நிறுத்த 180 டொலர் கட்டணம் அறவிடப்பட்டு வந்தது. வெயிலுக்காக வந்த பணக்கார ஓய்வூதியர்களும் போக்கிடமற்ற ஏழைகளும் அங்கே அருகருகே. பாலை நிலம், பனிக்காலம், பிரிந்து வந்தவர்கள். தொல்காப்பியர் அமெரிக்காவைக் கண்டாரென்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோர் நம்மிடையே ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள். பிரிந்து போகிறவனுக்குப் பனிக்காலமும் வழியிலே ஒரு நிலம்போலக் கடக்க வேண்டியதாயிருக்கிறது என்றே சொல்ல வருகிறேன்.

அந்த மக்களுக்கு ஆசான்போல விளங்கும் பொப் வெல்ஸ் என்பவர் படத்தில் தாமாகவே தோன்றுகிறார். மணமுறிவுக்குப் பின் வாடகை கொடுக்க இயலாமல், அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் 1,500 டொலருக்கு ஒரு பழைய வண்டி வாங்கி அதில் குடிபுகுந்தவர். முதலிரவு அழுதழுதே தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அது நடந்த ஆண்டு 1995.

அந்த ஆண்டைப் பார்த்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டேன். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது எனக்குப் பதினைந்து வயது. மழை. எங்கள் வண்டி வீடு ஐயாவின் சைக்கிள். அதிற் கட்டியது ஒரு சாக்கு அரிசி, காணி உறுதிகள் இருந்த தகரப்பெட்டி, பாய் இரண்டு. அம்மா கடைசி நேரத்தில் குசினிக்குள் ஓடி அம்மம்மாவின் மூக்குப்பேணியை எடுத்து வந்தார். "உயிர் போற நேரத்தில உது என்னத்துக்கு?" என்று ஐயா ஏசினார். அம்மா மறுமொழி சொல்லவில்லை, சேலைத் தலைப்பிற் சுற்றிக்கொண்டார். நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க அரைமணி நேரம் நின்ற நேரமெல்லாம் அது அவர் இடுப்பில் இருந்தது.

ஃபேர்னும் தன் வானில் சில பீங்கான் கோப்பைகளை வைத்திருக்கிறாள். அவளுடைய தகப்பன் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தவை. நண்பன் ஒருவன் உதவி செய்ய வந்து, கைதவறி அவற்றை உடைத்துவிடுகிறான். அவ்வளவு இழப்பையும் அமைதியாகத் தாங்கியவள் அந்த இடத்தில் வெடித்து விழுகிறாள். திரையரங்கில் அல்ல, வீட்டில் மகனின் சிறிய திரையிலேதான் பார்த்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவள் முன்னர் பதில் ஆசிரியையாக இருந்தவள். ஒரு கடையில் பழைய மாணவி ஒருத்தியைச் சந்திக்கிறாள். சேக்ஸ்பியரில் தான் படிப்பித்த வரிகள் அந்தப் பிள்ளைக்கு இன்னும் மனப்பாடம். அதே பிள்ளை தயங்கித் தயங்கி, வீடு வாசல் அற்றவரா நீங்கள் என்றும் கேட்கிறாள். கட்டடந்தான் இல்லை, இல்லம் இல்லாமற் போகவில்லை என்ற கருத்தில் ஃபேர்ன் சிரித்துக்கொண்டு சமாளிக்கிறாள். விடு என்பதிலிருந்தே வீடு பிறந்தது, அது விடுதலையையும் குறிக்கும் என்று நாங்கள் மேடையிற் சொல்வதுண்டு. ஆனால் அந்த மழையில் பாலத்தில் நின்ற ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஃபேர்ன் சொன்னதும் முழுமையான பொய்யல்ல, முழுமையான மெய்யுமல்ல. படத்தின் முடிவில் அவள் களஞ்சிய அறையிலிருந்த மிச்சச் சாமான்களையும் கொடுத்துவிட்டு, எம்பயரிலுள்ள தன் வெற்று வீட்டினுள் ஒருமுறை நடந்து, பின்கதவால் வெளியேறி, மறுபடியும் வீதியில் ஏறுகிறாள்.

நாங்கள் 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. உறுதிகள் பத்திரமாக இருந்தன. மூக்குப்பேணி இப்போதும் எங்கள் குசினித் தட்டில் இருக்கிறது. அதில் அண்ணாந்து தண்ணீர் குடிக்க என் பிள்ளைகளுக்குத் தெரியாது, மூக்கில் ஏறுகிறதாம்.