கழுத்திலுள்ள சிறு சுரப்பி

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கருத்தரங்குக்கு அகஞ்சுரக்கும் சுரப்பிகளைப் பொருளாக எடுத்துள்ளோம். எம்மில் மூத்தவர்கள் இவற்றைக் 'கானில்லாச் சுரப்பிகள்' என்று படித்திருப்பார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் கான் உண்டு. சுரந்தது அந்தக் கான் வழியே வெளியேறும். கபச்சுரப்பி, தைரொயிட் சுரப்பி, அதிரனற் சுரப்பி போன்றவற்றுக்குக் கான் இல்லை. அவை சுரப்பதை நேரே இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் அதனை உடல் முழுவதும் கொண்டு செல்கிறது. 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் சிறுகுடலில் சுரக்கும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று சதையியைத் தூண்டுவதைக் கண்டறிந்தார்கள். இத்தகைய பொருள்களுக்கு 'ஓமோன்' என்ற பெயர் 1905இல் வந்தது. தூண்டுவது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

எல்லாச் சுரப்பிகளையும் ஓர் உரையில் அடக்க முடியாது. ஆகவே பெண்களாகிய எம்மை மிகுதியாகத் தொல்லைப்படுத்தும் தைரொயிட் சுரப்பியை எடுத்துக்கொள்வோம். இதனைப் புரிந்துகொண்டால் மற்றவற்றையும் புரிந்துகொள்வது இலகு.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போல அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தவர்களில் அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். அது சுரக்கும் தைரொட்சின், உடற்கலங்கள் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதயத் துடிப்பு, உடற்சூடு, குடலின் அசைவு, மாதவிடாயின் ஒழுங்கு, பிள்ளைகளின் உயரம், மூளையின் வளர்ச்சி என எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு.

இது எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது? எமது வீடுகளின் மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் உள்ளே உள்ள மிதவை இறங்கும், மோட்டர் ஓடும். தாங்கி நிரம்பினால் மிதவை ஏறும், மோட்டர் நிற்கும். உடலில் மிதவையின் வேலையைச் செய்வன மூளையிலுள்ள பரிவகக்கீழும் அதன் கீழே தொங்கும் கபச்சுரப்பியும் ஆகும். இரத்தத்தில் தைரொட்சின் குறைந்தால் பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டும். கபச்சுரப்பி ரி.எஸ்.எச். என்னும் ஓமோனைச் சுரந்து தைரொயிட்டைத் தூண்டும். தைரொட்சின் போதிய அளவுக்கு வந்ததும் அதுவே மேலே சென்று இவ்விரண்டையும் அடக்கிவிடும். இதையே எதிர்ப் பின்னூட்டல் என்கிறோம். சூலகமும் அதிரனற் சுரப்பியின் ஒரு பகுதியும் இதே ஒழுங்கில் இயங்குகின்றன. இன்சுலினுக்கோ இத்தனை படிகள் இல்லை. இரத்தத்திலுள்ள வெல்லத்தின் அளவைச் சதையி தானே உணர்ந்து சுரக்கிறது.

இனி, கிணறு வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாங்கி நிரம்பாது, மோட்டரும் நிற்காது. கண்டக்கழலை இப்படித்தான் உண்டாகிறது. தைரொட்சினை ஆக்குவதற்கு அயடீன் வேண்டும். உணவில் அது குறைந்தால் தைரொட்சின் குறையும். கபச்சுரப்பி ஓயாது தூண்டும். தூண்டத் தூண்டச் சுரப்பி பெருத்துக் கழுத்தில் வீக்கமாகத் தெரியும். ஆகவே அந்த வீக்கம் சுரப்பி அளவுக்கு மிஞ்சி உழைப்பதன் அடையாளமே. இதனை உணராத காலத்தில் என்ன நடந்தது என்பதை மருத்துவ வரலாறு சொல்கிறது.

சுவிற்சர்லாந்தின் மலைப்பகுதி மண்ணில் அயடீன் மிகக் குறைவு. அங்கே கண்டக்கழலை அக்காலத்தில் சர்வசாதாரணமாக இருந்தது. பேர்ண் நகரில் தியோடர் கோகர் என்னும் பெயர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1874இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் தைரொயிட்டை முழுவதும் அகற்றினார். சிகிச்சை வெற்றி என்றே எல்லோரும் எண்ணினார்கள். சில ஆண்டுகளின் பின் அவளை மீண்டும் பார்த்தபோது அவளுடைய தங்கை வளர்ந்து அழகிய குமரியாக நின்றாள். இவளோ வளராமல், முகம் ஊதி, அறிவு மந்தித்துப் போயிருந்தாள். கோகர் தாம் சிகிச்சை செய்த ஏனையோரையும் அழைத்துப் பார்த்தார். சுரப்பி முற்றாக நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே நிலையில் இருந்தனர். அதை மறைக்காமல் 1883இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அந்தச் சிறு சுரப்பி இல்லாமல் மனிதர் மனிதராக வளர முடியாது என்பது அப்போதுதான் விளங்கியது. தைரொயிட் பற்றிய ஆய்வுகளுக்காக 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1891இல் ஜோர்ஜ் மறே என்னும் ஆங்கிலேய வைத்தியர் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் ஏற்றினார். நோயில் நலிந்திருந்த அந்தப் பெண் தேறி, பின்னர் அம்மருந்தை வாய்வழி எடுத்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் விழுங்கும் தைரொட்சின் சிறு குளிசையின் முன்னோடி அதுவே.

எமக்குத் தேவைப்படும் அயடீன் மிகச் சொற்பம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம், கர்ப்பிணிக்கு 250 மைக்கிரோகிராம். எழுபது வருடத் தேவையையும் ஒன்றுசேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. ஆனால் அது தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். எமது நாட்டின் தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாகக் கண்டக்கழலைக்குப் பெயர்போனது. மனித பாவனைக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என்ற சட்டம் 1995இல் வந்தது. கடலுப்புத்தானே, அதில் அயடீன் இருக்காதா என்று சிலர் கேட்பார்கள். கடலுப்பில் இயல்பாக இருப்பது போதாது. சேர்த்தால்தான் உண்டு.

இங்கே எமது அடுக்களைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டியுப்பை ஊத்தை போகட்டும் என்று தண்ணீரில் கழுவுகிறோம். உப்புக் கட்டியின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் அயடீன் அந்தத் தண்ணீரோடு போய்விடும். சுத்தமான தூளுப்பை வாங்கி, மூடியுள்ள போத்தலில் ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, கறியை இறக்கும் தறுவாயில் போடுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறும். வழமையாகப் போடும் உப்பு, அயடீன் உப்பாக இருந்தாலே போதும்.

அயடீன் போதுமானதாக இருந்தாலும் தைரொயிட் நோய் வரலாம். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்ல அழிப்பதுண்டு. 1912இல் இதனை முதலில் விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயராலேயே அந்நோய் அழைக்கப்படுகிறது. அவர் விவரித்த நால்வருமே பெண்கள். தைரொயிட் கோளாறுகள் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம்.

இதன் குறிகள் மெதுவாக வருவதால்தான் ஏமாந்துவிடுகிறோம். அலுப்பு, நித்திரை மயக்கம், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தலைமயிர் உதிர்தல், தோல் வறட்சி, மாதவிடாய் மிகுதல், சாப்பாடு கூடாமலே நிறை கூடுதல், மனச்சோர்வு. வகுப்பில் முன்னுக்கு நின்ற பிள்ளை புத்தகத்தின் மேல் சாய்ந்து தூங்கினால் 'பஞ்சி பிடித்தவள்' என்கிறோம். குடும்பத்தலைவி சோர்ந்தால் 'வயசு போகுது' என்கிறோம். பிள்ளை பெற்றவள் அழுதால் ஆறுதல் சொல்லி விட்டுவிடுகிறோம். இவர்கள் எல்லோருக்கும் தைரொயிட் நோய் என்று நாம் சொல்லவில்லை. இரத்தச் சோகையாகவும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் பழி சொல்வதற்கு முன் வைத்தியரிடம் காட்டுவது எமது கடமை. ரி.எஸ்.எச். அளவை அறிய ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். தைரொயிட் தளர்ந்தால் அந்த அளவு ஏறும். சுரப்பி மிகையாகச் சுரந்தால் இறங்கும். மிகையாகச் சுரப்பவர்களுக்கு நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, உடல் மெலிவு வரும்.

குளிசை எடுப்பவர்களுக்குச் சில சொற்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுங்கள். தேநீருக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். சுகம் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். மெலிவதற்காக அடுத்தவருடைய குளிசையை எடுக்கவே வேண்டாம். இதயம் பாதிக்கப்படும்.

கர்ப்பம் தரித்தால் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குச் சொந்தத் தைரொட்சின் இல்லை. தாயிடமிருந்து பெறுவதைக் கொண்டே அதன் மூளை வளர்கிறது. தாயின் குளிசை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால், பிறவியிலேயே சுரப்பி இயங்காத பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து, படித்து, ஆளாகும். கோகரின் சிறுமிக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. குதிக்காலில் குத்தும்போது பிள்ளை அழுகிறதே என்று பேத்தியின் பரிசோதனையைத் தடுக்கும் அம்மம்மாக்கள் எவரும் எம்மிடையே இருக்கக்கூடாது.

எமது சங்கம் நடத்தும் மருத்துவ முகாம்களில் உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்க்கிறோம். இனிமேல் கழுத்தையும் பார்ப்போம். நாடியைச் சற்று உயர்த்தி ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னால், பெருத்த தைரொயிட் மேலெழுந்து இறங்குவது கண்ணுக்கே தெரியும். வீட்டில் கண்ணாடி முன் நின்று நாமே பார்த்துக்கொள்ளலாம். ஐயம் தோன்றினால் வைத்தியரிடம் செல்வோம். நூறாண்டு கண்ட கல்லூரியின் மாணவிகள், தம் வீட்டிலும் அயல் வீட்டிலும் சோர்ந்திருக்கும் ஒரு பெண்ணையேனும் இவ்வருடம் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோமாயின் இந்த உரை பயன் பெற்றதாகும்.