விளையாட்டுக் காயமும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



தேர்வு, பட்டம், வேலைவாய்ப்பு ஆகியன பற்றிப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் உளர். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் அவற்றினும் சிறியதாகத் தோன்றலாம். காலையில் மருத்துவ நிலையத்தில் இயன்முறை மருத்துவனாகவும், மாலையில் பள்ளி ஆடுகளங்களில் காயம் பார்ப்பவனாகவும் பணியாற்றுகின்றேன். அவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே நம் பிள்ளைகள் எவ்வாறு காணாமற் போகின்றனர் என்பதனையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், தாள் நிற்கும் வயலைச் செதுக்கிக் கோடு கிழித்துக் கபடி ஆடுவது நம் காவிரிப் படுகையின் வழக்கம். இந்த மண்ணுக்குக் கபடி புதிதன்று. திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கம் வென்றார். அதே போட்டியில் பெண்கள் அணியில் ஆடித் தங்கம் வென்றவர் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 இலட்சம் ரூபாய் வழங்கிற்று. அவர்களுக்கு முன்னரே, தென்பாண்டிச் சீமையின் மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, 1995-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருதும் பெற்றார். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு இடஒதுக்கீடு உண்டு என்பதும் நம் தெருக்களில் இன்று தெரியாத செய்தி அன்று. ஆதலின் பிள்ளை கபடிக்குப் போவதனைப் பெற்றோர் முன்போல் தடுப்பதில்லை. மகிழ்ச்சியே. ஆயினும் மேடையேறியவர்களை எண்ணும் நாம், நடுவழியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர்களை எண்ணுவதில்லை.

முட்டி எவ்வாறு போகின்றது என்பதைச் சற்று விளக்குகின்றேன். பாடிச் செல்பவன் காலை ஊன்றித் திரும்பும் நேரத்தில் எதிரணியினர் அவன் தொடையைப் பற்றி இழுப்பர். பாதம் தரையில் நிற்க, உடல் சுழலும். மூட்டின் உள்ளே குறுக்காகச் செல்லும் ஜவ்வு அறுந்துவிடும். பலர் அப்போது ‘டப்’ என்று ஓர் ஓசை கேட்டதாகச் சொல்வர். இரண்டொரு மணி நேரத்திற்குள் முட்டி பந்துபோல் வீங்கினால், உள்ளே இரத்தம் கசிகின்றது என்று பொருள். இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு மண்ணிலே பழகியவர்கள். மண் சற்று வழுக்கிக் கொடுக்கும். மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போனால் அங்கே விரிப்பு, காலிலே புதிதாக வாங்கிய காலணி. காலணி விரிப்பைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றது. திரும்ப வேண்டிய பாதம் திரும்புவதில்லை. பதினைந்து நாளேனும் காலணியோடு விரிப்பில் பழகாமல் போட்டிக்கு அனுப்புவது அந்த முட்டியைப் பணயம் வைப்பதாகும்.

அடிபட்டபின் நடப்பது என்ன? சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தடவி வழித்துவிடுவர். நாட்டுக் கட்டுப் போடுவோரைப் பழிக்க நான் வரவில்லை. அவர்களிடம் கைத்திறன் மிக்கவர் உளர். ஆனால் புதிதாக இரத்தம் கசியும் மூட்டினை அழுத்தி உருவினால் வீக்கமும் வலியும் மிகுமேயன்றிக் குறையா. வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்துவிடும். பையன் நடப்பான், குணமாயிற்று என்று எண்ணி மறுபடி ஆடுவான், முட்டி மடங்கிக் கீழே விழுவான். இம்முறை உள்ளேயிருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பும் கிழியும். என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வீழ்ச்சிக்குப் பிறகே வருகின்றனர்.

அறுவை செய்தாலும் வேலை அத்துடன் முடிவதில்லை. தொடைத் தசை சில வாரங்களிலேயே இளைத்துப் போகும். அதனை மீட்டு, ஒற்றைக் காலில் குதித்து இறங்கும் வலிமை வரும்வரை பயிற்சி தரவேண்டும். ஒன்பது மாதத்திற்கு முன் ஆடவிடலாகாது என்பது இன்றைய ஆய்வுகள் காட்டும் அளவு. காப்பீட்டு அட்டை அறுவைக்கு உதவினாலும், அந்த ஒன்பது மாதப் பேருந்துக் கட்டணத்துக்கும், உடன் வரும் தாய் இழக்கும் நாள் கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை. இரண்டு முறை வருவர். மூன்றாம் முறை வாரார். நடவுக் காலமாயின் கூறவும் வேண்டுமோ!

நிலமுடைய வீட்டுப் பிள்ளைக்கு முட்டி போனால் ஓர் ஆட்டம் போகும். நம் வீட்டுப் பிள்ளைக்கோ ஆட்டமும் போகும். வேலைக்கான வாய்ப்பும் போகும். மூட்டை தூக்கும் கூலியும் போகும். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்த பிறகும், கூலிப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான மாவட்டம் அன்றைய தஞ்சை. நிலமற்றவர்க்கு உடலே முதல் என்பதை இவ்வூரில் நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் இப்பணிக்கென்றே ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ என்று ஒரு தொழில் உண்டு. அவர்கள் 1950-இல் தமக்கொரு சங்கம் அமைத்தனர். 1990-இல் அந்நாட்டு மருத்துவர் சங்கம் அதனை மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றது. பெயரைக் கேட்டு ஆட்டம் கற்பிப்பவர் என எண்ணற்க. ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று, விழுந்தவனை முதலில் அணுகி, மருத்துவரிடம் சேர்ப்பித்து, பின் அவனை மீண்டும் களத்திற்கு அழைத்துவரும் வரை உடனிருப்பவர். பள்ளியிலும் இருப்பார், மருத்துவ நிலையத்திலும் இருப்பார். நம் நாட்டில் 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து உடற்கல்வி ஆசிரியர் வந்தனர். மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவரும் வந்தனர். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட ஆள்தான் வரவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒருவராகவே மேய்க்கும் உடற்கல்வி ஆசிரியரிடம் இதனையும் சுமத்துவது நியாயமன்று.

இந்தத் தொழிலின் அடிப்படை, பிறர் உடலைத் தொடுவது. அடிபட்டவனின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்குகின்றோம். பல்வங்கர் பாலு என்னும் தலித் பந்து வீச்சாளர் 1911-இல் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் எறிந்த பந்தை வாங்கிக்கொண்ட புனா நகர ஆட்டக்காரர்களே, தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தி மண் கோப்பையில் வேறாகக் கொடுத்தனர். கபடியோ தொட்டால்தான் புள்ளி தரும் ஆட்டம். எனினும் ஊர் அணி வேறு, தெரு அணி வேறு என்று நிற்கும் ஊர்கள் இன்னும் உள. நம் பிள்ளைகள் இத்தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து அந்த ஊர்களின் ஆடுகளத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. வலியில் துடிப்பவன் எந்தக் கை என்று கேட்டதை நான் கண்டதில்லை. கேட்பவர்கள் சுற்றி நிற்பவர்களே.

ஆள் வரும்வரை காத்திருக்கவும் இயலாது. நம் பிள்ளைகள் நாளையே பயன்படுத்தத்தக்க சிலவற்றைச் சொல்கின்றேன். கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கால் சிக்கிக் கணுக்கால் பிசகும். எலும்பு முறிந்ததா என்று அறியக் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-இல் ஓர் எளிய விதி வகுத்தனர். நான்கு அடி எடுத்து வைக்க இயலவில்லையாயினும், கணுக்கால் மொட்டு எலும்பின் பின் விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். தலையில் மோதித் தடுமாறுபவனை அன்று மறுபடி இறக்கலாகாது. அவன் கெஞ்சினாலும் கூடாது.

வெயில் தாக்கு உயிரையே வாங்கும். ஓடிக்கொண்டிருந்தவன் உளறத் தொடங்கினால், உடல் அனலாய்க் கொதித்தால், வண்டி வரட்டும் என்று காத்திராமல் முதலில் அவனைக் குளிர்விக்க வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் அமர்த்தி, தலையைப் பிடித்துக்கொண்டு, நீரைக் கலக்கிவிட வேண்டும். மீன் கடை ஐஸ் கிடைத்தால் போடலாம். நினைவு மங்கியவனுக்கு வாயில் நீர் ஊற்றலாகாது. நம் ஊர்களில் ஆடுகளத்தின் அருகே இதற்கேற்ற இடம் ஒன்றுதான் உண்டு: பம்பு செட்டுத் தொட்டி. அந்தத் தொட்டி யாருடையது என்னும் கேள்வி அந்த நேரத்தில் எழுமானால் பிள்ளை பிழைக்காது. மகாத்தில் பொதுக்குளத்து நீருக்காக அண்ணல் அம்பேத்கர் நடந்தது 1927-இல்.

பெண் பிள்ளைகள் குறித்து ஒரு சொல். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர். ஓட்டத்தில் மூச்சு வாங்கும் சிறுமியைச் சோம்பேறி என்று அதட்டுமுன் இரத்தம் பார்க்க வேண்டும். அவர்களைத் தொட்டுப் பார்க்கப் பெண்களே இத்தொழிலுக்கு வருதல் நலம்.

கழகத்திடம் நான் வேண்டுவன மூன்று. இயன்முறை மருத்துவமும் உடற்கல்வியும் படிக்க விரும்பும் மாணவர் இருவருக்கேனும் ஆண்டுதோறும் துணை செய்க. மூட்டு அறுவை செய்துகொண்ட பிள்ளைக்கு ஒன்பது மாதப் பேருந்துக் கட்டணத்தைக் கழக நிதியில் ஒதுக்குக. 2021 முதல் வீடு தேடி வரும் அரசின் மருத்துவத் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் உளர், அவர் நம் தெருவுக்கும் வருகின்றாரா என்று கேட்டு எழுதுக. மூன்றாவது, வரும் தை மாதப் போட்டிக்கு இடம் குறிக்கும்போதே, பக்கத்துத் தொட்டிக்காரரிடம் பெரியவர்கள் இருவர் சென்று பேசி இசைவு பெற்று வருக. 108 வண்டி எந்த வரப்பு வரை வரும் என்பதையும் அன்றே நடந்து பார்த்துவிடுக.