பழக்கம் ஊன்றும் விதம்



2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின் நம் ஊர்களில் கழிப்பறைகள் பல எழும்பின. கட்டடம் சில வாரங்களில் எழும்பிவிடும். வெளியே வந்ததும் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கம் அவ்வளவு விரைவில் வருவதில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர், பழம் உண்ணுதல், நீர் பருகுதல் போன்ற புதுச் செயல்களை மேற்கொண்ட 96 பேரை 12 வாரம் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆகும். ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் எனக் கணக்கிட்டனர். இடையே ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகமில்லை. ஆகவே, தவறியவரைப் பலர் முன் ஏசுவது வீண். குறுவை நெல்லுக்கு இதைவிட அதிக நாள் காத்திருக்கிறோமே!

பழக்கம் இடத்தையும் வேளையையும் பற்றியே வளரும். சோப்பைத் தேடி அடுக்களைக்குப் போகவேண்டுமெனில், எவரும் கையை வேட்டியிலே துடைத்துக்கொள்வர். கழிப்பறை வாசலிலேயே ஒரு வாளி நீரும், கயிற்றில் கட்டிய சோப்பும் இருந்தால் கை தானாக அங்கே செல்லும். சோப்புக்கு ஆகும் செலவு அற்பமே. காக்கை தூக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம்.

ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வேற்பாட்டை முதலில் தத்தம் இல்லத்திலும், பின்னர்ப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.